பம்பாய் ரோட்டில் நின்ற யூனிட் பஸ்

புரொடக்‌ஷன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களுக்கு நிறையச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். யாருக்கு எத்தனை மணிக்குக் கார் போக வேண்டும், யார் காபியில் சர்க்கரை போடக் கூடாது, எந்த நடிகருக்கு எந்த மாடியில் அறை பிடிக்காது என்பதெல்லாம் இதற்குள் மனப்பாடம் ஆகியிருக்கும். ஆளும் பெட்டியுமாகப் போகிற வண்டி நெடுஞ்சாலையில் நின்றுபோனால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. ஒரு காலை நேரத்தில், நான் செய்த தப்பினாலேயே, அதைத் தெரிந்துகொள்ள வேண்டிவந்தது. அன்று பஸ்ஸில் என்னையும் சேர்த்து முப்பத்தோரு பேர். முப்பத்தோரு பேரும் வீடு திரும்பினோம். அதில் என் சாமர்த்தியம் மிகக் கொஞ்சம். மீதி யாருடையது என்று எழுதி வைத்துவிட வேண்டும் என்பது என் பல நாள் ஆசை.

நான் கல்கத்தாவில் பிறந்தவன். என் தாத்தா ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இங்கே வந்தார். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. டாலிகஞ்ச் ஸ்டுடியோ ஒன்றில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே புரொடக்‌ஷன் பக்கம் நகர்ந்தேன். தமிழும் வங்காளமும் தெரியும் என்பதால், சென்னையிலிருந்து படப்பிடிப்புக்கு வருகிற யூனிட்டுகளை என்னிடம் ஒப்படைப்பார்கள். தொண்ணூறுகள் முழுவதும், அதற்குப் பிறகும் பல வருஷங்கள், அதுதான் என் பிழைப்பு. தங்க இடம், சாப்பாடு, பர்மிஷன், போலீஸ், வண்டி எல்லாம் என் தலையில்.

நான் சொல்ல வந்தது தொண்ணூறுகளின் பின்பாதியில் நடந்தது. துர்கா பூஜை முடிந்து வெயில் கொஞ்சம் தணிந்திருந்த சமயம். கோலாகாட் தாண்டி ஒரு பழைய ஜமீன் வீட்டில் பாட்டு எடுக்க வேண்டும். வீட்டுக்காரர் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் மாலை நான்கு மணி வரைக்கும்தான் கொடுத்திருந்தார். மறுநாள் அங்கே அவர்கள் வீட்டுக் கல்யாண வேலை தொடங்குகிறது. டைரக்டர், கேமராமேன், டான்ஸ் மாஸ்டர் எல்லாரும் ஐந்து மணிக்கே கார்களில் போய்விட்டார்கள். இருபது நடனப் பெண்கள், மேக்கப்காரர்கள், உடைப் பெட்டிகள், இரண்டு லைட்மேன்கள், எங்கள் ஆட்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு யூனிட் பஸ் லாட்ஜை விட்டுக் கிளம்பும்போது ஆறரை மணி.

ஓட்டியவர் ஷம்புதா. என்னைவிட ஒன்றிரண்டு வயது பெரியவர். அதிகம் பேச மாட்டார். அவர் வங்காளத்தில் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன்; 'தாதா' என்பது மட்டும் அப்படியே இருக்கட்டும், இங்கே அது நம் 'அண்ணே' மாதிரி.

உலுபேரியா நெருங்கும்போது அவர் வேகத்தைக் குறைத்தார். ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"தாதா, பின்னாடி இடது சக்கரத்துல ஒரு சத்தம் வருது. முன்னாடி பெட்ரோல் பம்ப் இருக்கு. நிறுத்திப் பார்த்துடறேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"கழட்டினாதான் தெரியும்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அங்கே டைரக்டர் வாசலில் நடந்துகொண்டிருப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. "ஓடுமா, ஓடாதா? அதைச் சொல்லுங்க."

"ஓடும். எவ்வளவு தூரம்னு தெரியாது."

"இன்னும் ஒரு மணி நேரம்தானே ஷம்புதா. மெதுவாப் போங்க. அங்க நாள் பூரா சும்மா நிக்கத்தான் போகுது. அப்போ பார்த்துக்கலாம்."

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். கியரை மாற்றி வண்டியை விட்டார். பெட்ரோல் பம்ப் எங்கள் இடப்பக்கமாக வந்து கடந்துபோனது. அவர் சொன்னதில் 'ஓடும்' என்பது மட்டும் என் காதில் விழுந்தது. 'தெரியாது' என்பதை நான் வாங்கிக்கொள்ளவே இல்லை.

இருபது நிமிஷம் கழித்துப் பின்னால் இரும்பு கிழிவது போல ஒரு சத்தம். கருகல் நாற்றம். பஸ் இடப்பக்கம் இழுத்தது. ஷம்புதா ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டி அதைத் தாரிலிருந்து இறக்கப் பார்த்தார். முன்சக்கரங்கள் இறங்கின. பின்சக்கரம் இறுகிப்போய்விட்டது. பஸ்ஸின் பின்பாதி ரோட்டிலேயே நின்றது.

நாங்கள் போன நெடுஞ்சாலையான பம்பாய் ரோடு அப்போது இரண்டு வண்டி போகிற அகலம்தான். நடுவில் தடுப்பு கிடையாது. மழையில் ஓரம் முழுக்க அரித்துப்போயிருந்தது. அதை ஒட்டி நயான்ஜுலி என்று இங்கே சொல்கிற சாலையோரப் பள்ளம், நிறையத் தண்ணீரும் ஆகாயத்தாமரையுமாக. பள்ளத்தைத் தாண்ட ஒரு மூங்கில் பாலம், அதற்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடமும் மைதானமும். எங்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ரோடு ஒரு மதகின் மேல் ஏறி இறங்கியது. கல்கத்தா பக்கமிருந்து வருகிறவன் அந்த மேட்டில் ஏறினால்தான் எங்கள் பஸ் அவன் கண்ணில் படும்.

இதையெல்லாம் இப்போது எழுதுகிறேன். அந்த நிமிஷம் நான் எதையும் பார்க்கவில்லை. எழுந்து நின்று, "யாரும் இறங்க வேண்டாம். எல்லாரும் உள்ளயே இருங்க. பத்து நிமிஷத்துல சரியாயிடும்" என்றேன். பாதி மேக்கப் போட்ட பெண்கள், வெளியே லாரிகள் பறக்கின்றன, உள்ளே இருப்பதுதான் பத்திரம் என்று நினைத்தேன். அடுத்ததாக, பக்கத்து ஊருக்கு ஓடிப்போய் டைரக்டருக்குப் போன் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அப்போது எங்களில் யார் கையிலும் செல்போன் கிடையாது.

ஷம்புதா கீழே இறங்கிச் சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தார். டூல்ஸ் பெட்டியைத் தொடவே இல்லை. திரும்பி மதகைப் பார்த்தார்.

"தாதா, முதல்ல எல்லாரையும் இறக்குங்க."

"வெளிய லாரி போகுது ஷம்புதா."

"அதனாலதான் சொல்றேன். ராத்திரி பூரா ஓட்டிட்டு வர்ற லாரிக்காரன் இந்த நேரத்துக்குத்தான் கண்ணசருவான். தூரத்துலேர்ந்து பார்த்தா அவனுக்கு நாம ஓடற பஸ்தான். நிக்கறோம்னு புரியறதுக்குள்ள கிட்ட வந்துடுவான்."

"அப்போ சக்கரம்?"

"சக்கரம் எங்கயும் போகாது."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு லாரி எங்களை ஒட்டிக் கடந்தது. பஸ் முழுதும் ஒருமுறை ஆடியது. அரை மணி நேரத்துக்கு முன்னால் இதே மனிதர் சொன்னதைக் கேட்கவில்லை என்ற நினைப்பு எனக்கு அப்போதுதான் உறைத்தது. இன்னொரு தரம் அவரோடு வாதாட எனக்கு முகம் இல்லை.

நான் உள்ளே போய், "ஆபத்து, எல்லாரும் இறங்குங்க" என்று கத்தினேன். என்ன நடந்தது தெரியுமா? பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் இருந்தார்கள். மற்றவர்கள் செருப்பைத் தேடினார்கள். "சார், கீழ சேறா இருக்கு." "மேக்கப் கலைஞ்சா மாஸ்டர் திட்டுவார் சார்." "என்ன ஆச்சு, தீ பிடிச்சிருச்சா?" ஒரு பெண் அழத் தொடங்கினாள். நாலு பேர் பைகளோடு வழியில் மாட்டிக்கொண்டார்கள். நான் குரலை உயர்த்த உயர்த்தக் குழப்பம்தான் கூடியது.

டான்ஸ் மாஸ்டரின் உதவியாளர் மாலதி கடைசி வரிசையில் இருந்தார். சாலிகிராமத்துப் பெண், முப்பது வயது இருக்கும். லாரி கடந்தபோது பின்கண்ணாடி வழியாக அதைப் பார்த்திருக்கிறார். எழுந்து வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு முறை கை தட்டினார்.

"ரிஹர்சல். எல்லாரும் கீழ. பஸ்ஸுக்குப் பின்னால யாரும் போகக் கூடாது. இடது பக்கமா இறங்கி, மூங்கில் பாலம் தாண்டி, அந்த கிரவுண்டுல லைன் நிக்கணும். பை வேண்டாம். செருப்பு வேண்டாம்."

"இப்போவா அக்கா?"

"மாஸ்டர் ஸ்டெப் மாத்திட்டார். எழுந்திரு."

அழுதுகொண்டிருந்த பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தூங்கியவர்கள் எழுந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக இறங்கி, பாலத்தில் ஆளுக்கொரு அடி இடைவெளி விட்டு, வெறுங்காலோடு நடந்தார்கள். நான் எண்ணினேன். இருபது. மேக்கப்காரர்களும் மற்ற ஆட்களும் பின்னாலேயே இறங்கினார்கள். மைதானம் சேர்ந்ததும் மாலதி தாளம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"பயம்னு சொன்னா என்ன ஏதுன்னு யோசிப்பாங்க சார். ரிஹர்சல்னா கால் தானா எழுந்துடும்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். பிள்ளைகளே, நெருக்கடியில் உங்கள் குரல் எவ்வளவு பெரியது என்பது யாருக்கும் உதவாது. எதிரில் இருப்பவர் எந்தச் சொல்லுக்கு வழக்கமாக எழுந்திருப்பாரோ அந்தச் சொல்லைக் கண்டுபிடியுங்கள். எனக்கு அது வரவில்லை. மாலதிக்கு வந்தது.

போன் செய்ய நானே போகிறேன் என்றேன். ஷம்புதா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "நீங்க போயிட்டா இங்க யார் சொன்னா யார் கேப்பாங்க?" அதுவும் சரிதான். இரண்டு லைட்மேன்களில் ஒருவரிடம், டைரக்டருக்குப் போன் செய்து ஒரு மெக்கானிக்கையும் அனுப்பச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்து, அந்த வழியாகப் போன லோக்கல் பஸ்ஸைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, அடுத்த ஊரான பாக்னானுக்கு அனுப்பினேன்.

இன்னொரு லைட்மேன் டாலிகஞ்ச்காரர், வயதானவர். எல்லாரும் ஜேட்டு என்று கூப்பிடுவார்கள். வங்காளத்தில் பெரியப்பா என்று அர்த்தம். அவருடைய சொந்தப் பெயரை நான் கடைசிவரை கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அது எனக்கு ஒரு குறைதான். அவரிடம், "ஜேட்டு, வெள்ளி ரிஃப்ளெக்டரை எடுங்க. வெயில்ல காட்டினா வர்ற வண்டிக்கெல்லாம் தெரியும்" என்றேன். பெரிய யோசனை சொல்லிவிட்டதாக எனக்கு நினைப்பு.

அவர் வானத்தைப் பார்த்தார். "சூரியன் அவங்க முதுகுப் பக்கம் இருக்கு. நான் பலகையைத் திருப்பினா வெளிச்சம் நேரா டிரைவர் கண்ணுலதான் விழும். கண்ணு கூசினவன் எதைப் பார்த்து பிரேக் போடுவான்? சிவப்புத் துணி ஏதாவது குடுங்க."

சிவப்புத் துணி இருந்தது காஸ்ட்யூமர் துரைசாமி அண்ணனிடம். அறுபதை நெருங்கியவர். பஸ்ஸுக்குள்ளேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இருபது தாவணி இருக்கு. இருபதும் ஒரே சாயம். ஒண்ணு அழுக்கானாலும் ஷாட்ல தெரியும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டை உருவிக் கொடுத்தார். "ரெண்டும் திரும்பி வரணும், மேனேஜர்."

எங்கே நிற்பது என்பதிலும் நான் தப்பாகத்தான் யோசித்தேன். பஸ்ஸிலிருந்து இருபது அடி தள்ளி நின்றால் போதும் என்றேன். ஷம்புதா நடக்கத் தொடங்கினார். நடந்தார், நடந்தார், மதகு மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றார். பாரம் ஏற்றிய லாரி வேகம் தணிய அவ்வளவு தூரம் வேண்டும். ஜேட்டுவைத் தாரில் கால் வைக்க விடாமல் புல்லில் நிறுத்தினார். அங்கிருந்து பஸ் வரைக்கும் ரோட்டோரமாக இடைவெளி விட்டுக் கருவேலங்கிளைகளை வெட்டிப் போட்டுக்கொண்டே வந்தார். கல் வைக்கலாமா என்று கேட்டேன். "கல்லு வேணாம் தாதா. அதுல ஏறி ஒரு மோட்டார் சைக்கிள்காரன் விழுவான்."

வண்டிகள் மேட்டில் வேகம் குறைத்து, எங்களைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கின. மைதானத்தில் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஊர் ஜனம் வேலியோரமாகக் கூடிவிட்டது. பஸ்ஸில் பாக்கி துரைசாமி அண்ணன் மட்டும்தான். கூப்பிட்டால் வரவில்லை. மாலதி பாலத்தின் அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார்.

"அண்ணே, ரெண்டு பேருக்குப் பாவாடை நாடா அறுந்துபோச்சு. வந்து பாருங்க."

ஊசி டப்பாவோடு உடனே இறங்கி வந்தார். நாடா எதுவும் அறுந்திருக்கவில்லை. ஆனால் வந்த பிறகு அவருக்கு அங்கே பத்து வேலை கிடைத்தது.

கால் மணி நேரம் போயிருக்கும். நான் பாலத்தின் மைதானப் பக்க முனையில் நின்றிருந்தேன். துரைசாமி அண்ணன் என்னைத் தாண்டிப் போகப் பார்த்தார்.

"எங்கண்ணே?"

"ஹீரோயின் சேலை பெட்டியில இருக்கு. டிரங்க் வெயில்ல கொதிக்கும், ஜரிகை கறுத்துடும். எடுத்துட்டு வந்துடறேன், ஒரு நிமிஷம்."

"வேணாம் அண்ணே."

"ஒரு நிமிஷம்தான்யா."

"ஒரு நிமிஷமும் வேணாம். மெக்கானிக் வரட்டும், பஸ்ஸை ஓரம் இழுத்த பிறகு போங்க."

அவர் முகம் மாறியது. "மேனேஜர், நீங்க இந்தத் தொழிலுக்கு வர்றதுக்கு முன்னாலேர்ந்து நான் பெட்டி தூக்கறேன். என் பெட்டிய எடுக்க உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

"இன்னிக்கு வாங்கணும் அண்ணே."

அவர் என் சட்டையைப் பிடித்துத் தள்ளினார். நான் பாலத்தின் இரண்டு பக்கக் கைப்பிடி மூங்கில்களையும் பற்றிக்கொண்டு நின்றேன். பெண்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தையை அவர் சொன்னார்.

அந்த நேரத்தில் என் மனசுக்குள் ஓடியதை உங்களிடம் மறைக்க மாட்டேன். வயதில் பெரியவர். இத்தனை பேர் முன்னால் அவரை மடக்கி நிற்கிறேன். ஒரு மணி நேரமாக ஒரு வண்டியும் மோதவில்லை. ஒரு நிமிஷத்தில் என்ன வந்துவிடப் போகிறது, விட்டால் என்ன? ஒரு கையை எடுத்துக்கூட விட்டேன். எடுத்த கையைத் திரும்ப மூங்கிலில் வைத்தது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பெட்ரோல் பம்ப் விஷயத்தில் பட்ட வெட்கம் இன்னும் ஆறாமல் இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மதகிலிருந்து ஜேட்டு அலறுவது கேட்டது.

மேட்டில் ஒரு லோக்கல் பஸ் ஏறி, எங்கள் பஸ்ஸைப் பார்த்து வலப்பக்கம் ஒடித்துத் தாண்டிப் போனது. அதன் முதுகை ஒட்டி வந்த சிமென்ட் லாரிக்குக் கடைசி வரைக்கும் எங்கள் பஸ் தெரியவில்லை. அது வலப்பக்கம் ஒடிக்கப் பார்த்தபோது எதிரில் ஒரு டேங்கர் வந்தது. பிரேக் சத்தம் நீளமாக, நிற்காமல் வந்தது. பிறகு மோதியது.

எங்கள் பஸ் முன்னால் தள்ளப்பட்டு மூக்கைப் பள்ளத்துக்குள் நுழைத்துக்கொண்டு நின்றது. படிக்கட்டு தண்ணீருக்குள் போய்விட்டது. பின்பக்கம் உள்ளே மடிந்திருந்தது. கடைசி மூன்று வரிசை சீட்டுகள் இருந்த இடமே தெரியவில்லை. பெண்கள் தூங்கிக்கொண்டிருந்த வரிசைகள் அவை.

துரைசாமி அண்ணனின் கை என் சட்டையை இன்னும் பிடித்திருந்தது. மெதுவாக விட்டார். மூங்கில் மேலேயே உட்கார்ந்தார்.

"பெட்டிய எந்த சீட்டுல வெச்சேன்னு ஞாபகம் வரல மேனேஜர்" என்றார்.

கடைசி சீட்டில்தான் வைத்திருந்தார். 

ரோட்டோரத்தில் நின்றிருந்த ஷம்புதா லாரி வருவதைப் பார்த்துப் பள்ளத்தில் குதித்திருக்கிறார். இடுப்புவரை சேறோடு ஏறி வந்தவர் முதலில் சத்தம் போட்டது எங்களைப் பார்த்துத்தான்: "யாரும் பாலம் தாண்டாதீங்க." பிறகு லாரிக்கு ஓடினார். லாரி டிரைவரின் கால் ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டியிருந்தது. ஊர்க்காரர்கள் கடப்பாரை கொண்டுவந்து நெம்பி அவரை வெளியே எடுத்தார்கள். முழங்கால் உடைந்திருந்தது, உயிருக்குப் பயமில்லை. "முன்னாடி போன பஸ்ஸுக்கு ஓரமா சிவப்பா ஏதோ தெரிஞ்சுது, அப்பவே மிதிச்சுட்டேன்" என்று அந்த மனிதர் இந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மிதித்ததால் அவர் பிழைத்தார். மிதிக்க வைத்தது ஜேட்டு. எங்களைத் தேடிவந்த லொகேஷன் காரிலேயே அவரை உலுபேரியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

இதற்குள் நூறு பேர் ரோட்டில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஷம்புதாவுக்கு அதுதான் பெரிய கவலை. "ரெண்டாவது மோதல்ல சாகறது வேடிக்கை பார்க்கறவங்கதான் தாதா" என்று சொல்லி, ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு எல்லாரையும் வேலிக்கு அந்தப் பக்கம் விரட்டினார். ஜேட்டு மறுபடி மதகுக்குப் போய் நின்றார்.  போகாதீங்க என்றேன். "என்னை விட்டா துணி யார் ஆட்டுவா?" என்று நடந்தார்.

அந்த ஊரை நான் மறக்க முடியாது. பள்ளிக்கூடத்து வாத்தியார் வகுப்பைத் திறந்து பெண்களை உட்கார வைத்தார். வீடுகளிலிருந்து பொரியும் வெள்ளரிக்காயும் குடத்தில் தண்ணீரும் வந்தன. மாலதி அவர்களை எண்ணினார், மறுபடி எண்ணினார், மூன்றாவது தரம் இருபது வந்ததும் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று அழுதார். யாரும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. ஒரு பாட்டி மட்டும் போய் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு வங்காளம் தெரியாது.

கிளம்புவதற்கு முன் ஷம்புதா என்னை அழைத்துக்கொண்டு ரோட்டில் போட்ட கிளைகளை எல்லாம் பொறுக்கி ஓரத்தில் எறிந்தார். இழுவை வண்டி வந்து இரண்டையும் அகற்றிவிட்ட பிறகும் அவர் மதகுவரை நடந்து பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

அதற்குப் பிறகு என் உத்தியோகத்தில் நாலைந்து தரம் வண்டி நின்றிருக்கிறது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ரோடுகள் அகலமாயின; வேகமும் ஏறியது. துர்காபூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ஒருமுறை கேமராமேன் வந்த காரின் டயர் வெடித்தது. நடுத் தடுப்பை ஒட்டிய வேகமான பாதையில் போய்க்கொண்டிருந்தோம். அங்கேயே நிறுத்தி மாற்றலாம் என்றார் டிரைவர், ரிம் வீணாகிவிடும் என்று பயந்தார். நான் விடவில்லை. விளக்கை மினுக்கிக்கொண்டே, ரிம் தாரில் உரச உரச, இடது ஓரத்துக்கு வந்து அகலமான இடம் பார்த்து நின்றோம். எல்லாரையும் இரும்புத் தடுப்புக்கு அப்பால் அனுப்பினேன். கேமராமேன் பெட்டியை எடுக்கத் திரும்பினார். நான் குறுக்கே நின்றேன். அவரும் கோபித்துக்கொண்டார். அன்று எதுவும் மோதவில்லை, என்மேல் அவருக்குக் கோபம் மட்டும் மிச்சம். இப்படிக் கோபங்களை வாங்கிக்கொள்வது உங்கள் வேலையில் ஒரு பகுதி. பத்துத் தரம் வீணாக வாங்குவீர்கள். அதற்காக வருத்தப்படாதீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

போலீஸ் தாணாவில் வாக்குமூலம் எழுதினார்கள். சத்தம் கேட்டும் ஏன் ஓட்டினாய் என்று ஷம்புதாவை அதிகாரி கேட்டார். அவர் என் பக்கம் பார்க்காமல், "ஓடும்னு நினைச்சேன் சார்" என்றார். பஸ் முதலாளி அங்கேயே, இனி என் வண்டியில் ஏறாதே என்று அவரிடம் சொல்லியிருந்தார். நான் ஒரு நொடி பேசாமல் இருந்தேன். அந்த ஒரு நொடியையும் கணக்கில் வையுங்கள், நான் அவ்வளவு நல்லவன் ஒன்றும் இல்லை. பிறகு, "அவர் நிறுத்தணும்னு கேட்டார். வேண்டாம்னு சொன்னது நான்" என்றேன். அதிகாரி பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். எழுதிக்கொண்டார். ஷம்புதா தலையைக் குனிந்துகொண்டார்.

அங்கிருந்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ச் சென்னைக்குத் தயாரிப்பாளரைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர்தான், ஆனால் கண்டிப்பானவர். ஒரு நாள் படப்பிடிப்பு போய்விட்டது, கிடைக்காத வீடு கைவிட்டுப் போய்விட்டது, உடைகள் நாசம். எல்லாவற்றையும் சொன்னேன். பெட்ரோல் பம்பையும் சொன்னேன். இதோடு இந்த வேலை முடிந்தது என்று தயாராகிவிட்டேன்.

 அவர் முதலில் கேட்டது இதுதான்:

"எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"முப்பத்தோரு பேரும் நல்லா இருக்கோம் சார்."

"மோதறப்போ உள்ள யாரும் இல்லையா?"

"இல்ல சார்."

"யார் இறக்கினது?"

"டிரைவர் சொன்னார் சார். மாலதி இறக்கினாங்க."

"நீங்க?"

"நான் முதல்ல யாரும் இறங்காதீங்கன்னு சொன்னேன் சார்."

 "வீடு போனா போகட்டும், பாட்ட வேற எங்கயாவது எடுத்துக்கலாம். பிள்ளைங்களுக்கு ராத்திரி நல்ல சாப்பாடு போடுங்க. நாளைக்கு ரெஸ்ட் குடுங்க. மறுநாளைக்கு வேற பஸ் பிடிங்க, ஆனா ஓட்டறதுக்கு அந்த டிரைவரையே கூப்பிடுங்க. முதலாளி ஏதாவது சொன்னா என்கிட்ட பேசச் சொல்லுங்க."

"சரி சார்."

"அப்புறம், மேனேஜர்."

"சொல்லுங்க சார்."

"அவர் நிறுத்தணும்னு சொன்னா நிறுத்துங்க."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஷம்புதா பூத் வாசலில் காய்ந்த சேற்றோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.  நான் பக்கத்தில் உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு லாட்ஜ் வாசலுக்கு வந்துவிடுங்கள் என்றேன்.